பிளாஸ்டிக் புல்லில் வெறுங்கால்

பிளாஸ்டிக் புல் சுடும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விற்க வருகிறவன் சொல்ல மாட்டான். வாங்குகிற முதலாளி கேட்க மாட்டார். அதில் உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொள்கிற விருந்தாளி வெயில் இறங்கிய பிறகுதான் வருவார். சித்திரை மாத உச்சிவெயிலில் அதன்மேல் நிற்கிறவர்கள் சுத்தம் செய்கிற பெண்கள் மட்டும்தான்.

ஹவுஸ்கீப்பிங் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு என் அனுபவத்தை எழுதித் தரச் சொன்னார்கள். பெட்ஷீட்டை எப்படி விரிப்பது, பாத்ரூமில் எந்த பாட்டிலை எதற்கு ஊற்றுவது என்பதெல்லாம் டிரெயினிங்கில் சொல்லித் தருவார்கள். அங்கே சொல்லாததை நான் சொல்கிறேன். கொஞ்சம் கோபமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1. மெயின்டனன்ஸே கிடையாதாம்

தொண்ணூறுகளில் நான் செங்கல்பட்டில் ஒரு லாட்ஜில் வேலை பார்த்தேன். அதற்குப் பிறகுதான் மாமல்லபுரத்துக்கும் சதுரங்கப்பட்டினத்துக்கும் நடுவே இருந்த ஒரு கடலோர ரிசார்ட்டுக்கு ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசராக வந்தேன். அங்கே ரெஸ்டாரன்டுக்கு முன்னால் பெரிய புல்வெளி இருந்தது. சுனாமித் தண்ணீர் ஏறி இறங்கியதில் அந்தப் புல் செத்துப்போனது. மண்ணை மாற்றிப் பார்த்தார்கள், உரம் போட்டுப் பார்த்தார்கள். போர் தண்ணீரும் உப்பாகிவிட்டதால் எது நட்டாலும் மஞ்சளாகிக் கருகியது. கடைசியில் முதலாளி சென்னையிலிருந்து ஒரு கம்பெனிக்காரனைக் கூட்டிவந்தார்.

"தண்ணி வேணாம், உரம் வேணாம், தோட்டக்காரனும் வேணாம் சார். மெயின்டனன்ஸே கிடையாது. போட்டுட்டு மறந்துடலாம்" என்றான் அவன். முதலாளி மறந்துவிட்டார். தோட்டக்காரர்களைக் கணக்குத் தீர்த்து அனுப்பினார்கள். மெயின்டனன்ஸே இல்லாத அந்தப் புல்லை மெயின்டெயின் பண்ண என் ஆட்களில் ஆறு பெண்களை எடுத்துக்கொண்டார்கள்.

என்ன வேலை என்று கேட்பீர்கள். சுற்றிலும் சவுக்குத் தோப்பு. காற்றடித்தால் சவுக்கு இலை ஊசி ஊசியாக உதிர்ந்து பிளாஸ்டிக் இழைக்குள் செருகிக்கொள்ளும். இரும்பு வாரி போட்டால் இழை பிய்ந்துவிடும், புளோயர் வைத்து ஊதினால் பாதிதான் வரும். மீதியைக் குனிந்து கையால் பிடுங்க வேண்டும். இழை நிமிர்ந்து நிற்பதற்காக நடுவில் மணல் கொட்டியிருப்பார்கள், அதற்கு இன்ஃபில் என்று பெயர். ஆட்கள் நடக்க நடக்க அது ஓரமாக ஒதுங்கிவிடும். புல் சாய்ந்திருக்கிற திசைக்கு எதிராக நைலான் பிரஷ்ஷால் தள்ளி மணலைச் சமப்படுத்தி, இழையைத் தூக்கி நிறுத்த வேண்டும். காக்கை எச்சத்தைச் சோப்புத் தண்ணீரில் துடைக்க வேண்டும். சூயிங்கம்மை ஐஸ் வைத்து இறுக்கிப் பெயர்க்க வேண்டும். உப்புத் தண்ணீர் ஊற்றிக் கழுவினால் வெள்ளை வெள்ளையாகப் படியும், அதையும் துடைக்க வேண்டும். மழைக்காலம் வந்தால் அடியில் இருக்கிற வடிகால் ஓட்டையை மண் அடைத்துப் பாசி பிடிக்கும். நிஜப் புல்லாக இருந்தால் இதில் பாதி வேலை இருந்திருக்காது.

காலையில் அங்கே யோகா, டிபன். சாயங்காலம் பார்ட்டி, ரிசப்ஷன். அதனால் சுத்தம் செய்ய எங்களுக்குக் கிடைத்த நேரம் பகல் பதினொன்றிலிருந்து மூன்று மணி வரை. விருந்தாளி எட்டிப் பார்க்காத நேரம் அது. ஏன் எட்டிப் பார்க்க மாட்டார் என்று இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும்.

2. பிள்ளையார் வந்தார்

வாஸ்து பார்க்கிற ஒருவர் சொன்னார் என்று முதலாளி புல்வெளியின் வடகிழக்கு மூலையில் ஒரு பிள்ளையாரை வைத்தார். கருங்கல்லில் சின்னதாக, லட்சணமான பிள்ளையார். அவர்மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது.

அடுத்த வாரமே மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். பெண்களின் ரப்பர் செருப்பிலிருந்து செம்மண் ஒட்டிப் புல் அழுக்காகிறது என்று அதற்கு முன்பே முணுமுணுத்துக்கொண்டிருந்தவர் அவர். இப்போது அவருக்கு நல்ல சாக்குக் கிடைத்தது.

"மேடம், இனிமே லான்ல ஸ்டாஃப் யாரும் செருப்பு போடக் கூடாது. சாமி இருக்கிற இடம் பாருங்க."

"கெஸ்ட் ஷூவோட நடக்கறாங்களே சார்?"

"கெஸ்ட் வேற, மேடம்."

"சாமி ஒண்ணுதானே சார்?"

அவர் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். நான் திருக்கழுக்குன்றத்தில் பிறந்தவள். நல்ல வெயிலில் மலைக்கோயில் படியில் வெறுங்காலோடு ஏறி இறங்கியவள். சாமிக்காகக் கால் சுடுவது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். இது சாமிக்காக இல்லை. ஆனால் பிள்ளையார் பெயரைச் சொல்லிவிட்டால் எதிர்த்துப் பேச யாருக்கு வாய் வரும்? பெண்கள் செருப்பைக் கழற்றி ஓரமாக வரிசையாக வைத்துவிட்டு இறங்கினார்கள்.

3. கன்னியம்மாவுக்குச் சுடவில்லை

பங்குனி வரை சமாளித்தார்கள். சித்திரை பிறந்ததும் முடியவில்லை. காலில் தண்ணீரை ஊற்றிக்கொண்டு ஓடுவார்கள், நாலு தள்ளுத் தள்ளிவிட்டுச் சவுக்கு நிழலுக்கு ஓடி வருவார்கள். செல்வி என்கிற பெண் வாய்த்துடுக்குக்காரி. "இன்னாக்கா இது, தோசக்கல்லு மேல நிக்க வுட்டு வேடிக்க பாக்குறானுங்க!" என்று மேனேஜர் அறை வரை கேட்கும்படி கத்துவாள்.

கன்னியம்மா மட்டும் ஓட மாட்டாள். சதுரங்கப்பட்டினத்து மீனவர் குடியிருப்பிலிருந்து வருகிறவள். நாற்பத்தைந்து வயதிருக்கும், அதிகம் பேச மாட்டாள். நடுவெயிலில் நிதானமாக நடந்து, பிரஷ்ஷைத் தள்ளி, ஒரு மூலை பாக்கி விடாமல் முடித்துவிட்டுத்தான் வருவாள். கேட்டால், "எனுக்கு அவ்ளோ ஒண்ணும் தெர்லக்கா" என்பாள்.

நான் இரண்டு முறை மேனேஜரிடம் போனேன். நேரத்தையாவது மாற்றுங்கள் என்றேன், இல்லை செருப்பையாவது விடுங்கள் என்றேன். அவர் ஜன்னல் வழியாகக் கையை நீட்டிக் காட்டினார்.

"அதோ பாருங்க, கன்னியம்மா நடக்கலையா? அந்தம்மாவுக்குச் சுடல, மத்தவங்களுக்கு மட்டும் சுடுதா? வேலை செய்ய இஷ்டமில்லாதவங்க சொல்ற கதை மேடம் இதெல்லாம்."

அதற்கான பதில் எனக்கு நான்கு நாள் கழித்துத் தெரிந்தது. மதியச் சாப்பாட்டுக்கு எல்லோரும் பின்கட்டில் உட்கார்ந்திருந்தபோது செல்வி அலறினாள்.

"அக்கா, இங்க வா! இவ காலப் பாரு! தோலு தனியா வந்துகீது!"

கன்னியம்மாவின் வலது பாதத்தில் முன்பக்கத் தோல் முழுக்க உரிந்து தொங்கியது. கட்டைவிரலுக்கு அடியில் கொப்புளம் உடைந்து, அதற்குள் மணல் ஏறியிருந்தது. புல்லுக்கு நடுவில் கொட்டுகிற அதே மணல். கன்னியம்மா குனிந்து தன் காலைத் தானே பார்த்து ஆச்சரியப்பட்டாள்.

"எப்போ ஆச்சு இது?"

என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை வியாதி. செருப்பு நழுவி விழுந்தது தெரியாமல் தெருக்கோடி வரை நடந்து போய்விட்டு வருகிறவர். நான் மெதுவாகக் கேட்டேன்.

"கன்னியம்மா, உனக்கு சுகர் இருக்கா?"

"கீதுக்கா. மாத்திர போட்டுகினுதான் கீறேன். வெளிய சொல்லாத, வேலய வுட்டுத் தூக்கிடுவாங்க."

அவளுக்குச் சுடாமல் இல்லை. சுடுகிறது என்று சொல்லக் காலில் உணர்ச்சி இல்லை. அந்தக் காலைக் காட்டித்தான் அந்த ஆள் மற்ற ஐந்து பேரையும் பொய் சொல்கிறவர்கள் ஆக்கியிருந்தார்.

ஆட்டோ வைத்துச் செங்கல்பட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். புண்ணைக் கழுவிய டாக்டர், கட்டைவிரலைக் காப்பாற்ற முடியுமா என்று இப்போது சொல்ல முடியாது, சீழ் காலுக்கு ஏறாமல் தடுக்கத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்றார். கன்னியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "வேல இருக்குமாக்கா?"

4. மேனேஜர் ஷூவைக் கழற்றினார்

மறுநாள் மதியம் இரண்டு மணிக்கு மேனேஜர் அறைக்குப் போனேன். பிள்ளையாருக்குப் பக்கத்தில் சீம் பிரிந்திருக்கிறது, வந்து பாருங்கள் என்றேன். சீம் என்பது இரண்டு புல் விரிப்பும் ஒட்டுகிற இடம். அது நிஜமாகவே பிரிந்திருந்தது. அவர் வந்து புல்லில் ஒரு காலை வைத்தார்.

"சார், ஷூ" என்றேன்.

"என்ன?"

"சாமி இருக்கிற இடம் சார். ஸ்டாஃப் யாரும் போடக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க? நீங்களும் ஸ்டாஃப்தானே?"

சவுக்கு நிழலில் ஐந்து பெண்கள் நின்றிருந்தார்கள். செக்யூரிட்டி நின்றிருந்தார். சமையல்கட்டு ஜன்னலில் நாலைந்து தலைகள். மேனேஜர் என்னை ஒரு முறை முறைத்துவிட்டு ஷூவையும் சாக்ஸையும் கழற்றினார். பத்தடி நடந்தார். அப்புறம் நடக்கவில்லை, குதித்தார். "ஐயோ, அம்மா" என்று கத்திக்கொண்டே பிள்ளையார் மேடையில் ஏறி நின்றுவிட்டார். மறுபடி இறங்கி வர மனசில்லாமல் செக்யூரிட்டியை விட்டு ஷூவை எடுத்துவரச் சொல்லி, சாமிக்குப் பக்கத்திலேயே நின்று மாட்டிக்கொண்டார். செல்வி சிரித்த சிரிப்பில் எனக்கே அடக்க முடியவில்லை.

பட்டால்தான் தெரியும், இனி புத்தி வந்துவிடும் என்று நினைத்தேன். நான் எவ்வளவு பெரிய முட்டாள் என்று அடுத்த நாள் வந்த ஆர்டரைக் கேட்டபோது தெரிந்தது.

"மேடம், வெள்ளிக்கிழமை லான்ல பகல் கல்யாணம் இருக்கு. மணவறைகிட்ட கெஸ்ட் எல்லாம் வெறுங்கால்ல நிப்பாங்க. பயங்கரமா சுடுது மேடம், நானே பார்த்தேன்! உங்க லேடீஸை விட்டு பத்து மணியிலேருந்து ஹோஸ் பிடிச்சு நனைச்சிக்கிட்டே இருக்கச் சொல்லுங்க. காயவே கூடாது."

"எங்க லேடீஸ் செருப்பு போட்டுக்கலாமா சார்?"

"அதான் சொன்னேனே மேடம். சாமி இருக்கு."

தன் கால் சுட்டதும் அந்த மனிதருக்கு விருந்தாளியின் கால்தான் நினைவுக்கு வந்தது. ஆஸ்பத்திரியில் கிடக்கிற கால் நினைவுக்கு வரவில்லை. இவ்வளவு வருஷ வேலையில் எத்தனையோ பேரிடம் திட்டு வாங்கியிருக்கிறேன். அன்றைக்கு வந்த கோபம் எனக்கு வேறு எதற்கும் வந்ததில்லை.

கன்னியம்மாவைப் பற்றிக் கேட்டேன். "அது சுகர் மேடம். அதுக்கு நம்ம லான் என்ன பண்ணும்? பாவம்தான். ஆனா காலு சரியில்லாத ஆளை வெச்சு நாம என்ன பண்றது? வேற ஆள் பாருங்க" என்றார்.

5. வெள்ளிக்கிழமை

கெஸ்ட் ரூமில் வெள்ளைத் துணிச் செருப்பு வைப்போம். விருந்தாளி ஒரு நாள் போட்டுவிட்டுப் போனால் குப்பைக்குத்தான் போகும். நான் அதைச் சேர்த்து, அடியில் பழைய ரப்பர் மேட்டை வெட்டி ஒட்டவைத்தேன். வெள்ளிக்கிழமை காலை ஐந்து பேரும் அதை மாட்டிக்கொண்டு ஹோஸோடு லானில் இறங்கினார்கள். நானும் மாட்டிக்கொண்டு இறங்கினேன்.

மேனேஜர் ஓடி வந்தார். "என்ன மேடம் இது? யார் பர்மிஷன் கொடுத்தா?"

"கெஸ்ட் செருப்பு சார். அது நடக்கலாம்னு நீங்க சொல்லியிருக்கீங்க."

"விளையாடறீங்களா? எல்லாரும் கழட்டுங்க!"

செல்வி ஹோஸைக் கீழே போட்டாள். "கயட்டுறோம் சார். செருப்ப இல்ல, யூனிஃபார்ம் கோட்ட. வூட்டுக்குப் போறோம். நீ புடி தண்ணிய."

மற்ற நால்வரும் ஹோஸைப் போட்டார்கள். கல்யாண வீட்டு பஸ் கேட்டுக்குள் திரும்பிக்கொண்டிருந்தது. நனைத்த புல் ஆவி விட்டுக் காய ஆரம்பித்தது. எனக்குப் பேச நேரம் அதிகம் இல்லை, அவருக்கும் இல்லை.

"சார், இவங்க செருப்போட வேலை செய்வாங்க, இன்னைக்கு மட்டும் இல்ல, எப்பவும். கன்னியம்மா திரும்பி வந்து லினன் ரூம்ல உக்காந்து துணி மடிப்பா, அதே சம்பளம். இப்பவே முதலாளிகிட்ட போன்ல சொல்லுங்க. இல்லாட்டி கல்யாணத்துக்கு வந்தவங்ககிட்ட புல் ஏன் சுடுதுன்னு நீங்களே சொல்லிக்குங்க."

அவர் பஸ்ஸைப் பார்த்தார். பிள்ளையாரைப் பார்த்தார். போனை எடுத்தார். முதலாளியிடம் ஏதோ இங்கிலீஷில் நாலு வார்த்தை பேசிவிட்டு, "சரி, நனைங்க" என்றார்.

அடுத்த மாதம் என்னை லானிலிருந்து எடுத்து லாண்டரிக்கு மாற்றினார்கள். மாற்றட்டும். செருப்பை மறுபடி யாரும் கழற்றச் சொல்லவில்லை.

ஆனால் நான் ஜெயித்தேன் என்று எழுதிக்கொள்ளாதீர்கள். கன்னியம்மாவின் கட்டைவிரலும் அதற்கு அடுத்த விரலும் போய்விட்டன. அவள் லினன் ரூமுக்கு வந்த முதல் நாள், கட்டுப் போட்ட காலை ஸ்டூலில் தூக்கி வைத்துக்கொண்டு தலையணை உறை மடித்தாள். என்னைப் பார்த்து, "உனுக்கு என்னாலதான பேஜாரு" என்று வருத்தப்பட்டாள். எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. அவள் வருத்தப்பட வேண்டிய விஷயமா அது?

சூப்பர்வைசராகப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். கம்ப்ளெயின்ட் எதுவும் வரவில்லை என்று நிம்மதியாக இருக்காதீர்கள். சுடுகிறது என்று கத்துகிறவள் நிழலுக்கு ஓடித் தப்பித்துக்கொள்வாள். சத்தம் போடாமல் வேலையை முடித்துவிட்டு வருகிற ஒருத்தி எல்லா டிபார்ட்மென்டிலும் இருப்பாள். அவளைப் பார், அவள் செய்யவில்லையா என்று மற்றவர்களுக்கு உதாரணம் காட்டுவதற்கு முன்னால், அவளை உட்காரவைத்து அவள் பாதத்தைத் திருப்பிப் பாருங்கள்.