கதவடியில் திரும்பிப் போனவர்களுக்கு

அக்கா இல்லாத முதல் வருடம் இன்றோடு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உங்களில் பலரை ஒரு காலத்தில் வாசலோடு திருப்பி அனுப்பியவள், அவரின் தங்கை நான். அந்தக் கதையை நானேதான் எழுதவேண்டும்.

அக்கா மானிப்பாயில் பிறந்தார். கொழும்பில் தந்திக் கந்தோரில் வேலை பார்த்தார். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அத்தானோடும் மகளோடும் ரொறன்ரோ வந்து, தையல் தொழிற்சாலையில் சேர்ந்தார். எங்கள் வோபர்ன் பகுதியில் யாருக்கு நோய் வருத்தமென்றாலும் பஸ் மாறி மாறிப் போய்ப் பார்த்துவிட்டு வருவார். போகாமல் விடுவது அவருக்குப் பாவம்.

பிறகு மார்பகப் புற்றுநோய் அவருக்கே வந்தது. சத்திரசிகிச்சை முடிந்து கீமோ தொடங்கியதும், சனமெல்லாம் தோடம்பழப் பையோடு வந்தது. தூரத்துப் பிக்கரிங்கிலிருந்தும் வந்தார்கள், தடிமனும் தும்மலுமாகவும் வந்தார்கள். மருந்தால் எதிர்ப்புச் சக்தி குறைந்திருந்த அக்காவுக்குக் காய்ச்சல் பிடித்தது. அடுத்த கீமோ ஊசி தள்ளிப்போனது. இரண்டாம் முறையும் அப்படியே. இப்படியே போனால் மருந்து முழுப்பயன் தராது என்றார் டொக்ரர்.

வீடு வந்ததும் அக்கா என்னைக் கூப்பிட்டார்.

"பிள்ளை, ஆறு ஊசியும் முடியுமட்டும் ஒருத்தரையும் உள்ளுக்கு விடாதை. என்ரை பேரைச் சொல்லாதை. சொன்னால் கெஞ்சுவினம், நான் இளகிப்போவன். உன்னைத் திட்டினால் திட்டட்டும்."

திட்டினீர்கள். ராங்கிக்காரி என்றது என் காதிலும் விழுந்தது. ஒஷாவாவிலிருந்து ரசம் கொண்டுவந்த மாமி, போத்தலைக் கதவடியில் வைத்துவிட்டு முகம் கொடாமல் போனார். உள்ளே அக்கா அவர் குரலைக் கேட்டு அழுதுகொண்டிருந்தார். ஆனாலும் கூப்பிடவில்லை. வாந்தியையும் முடி கொட்டியதையும் பொறுத்தது பெரிதுதான். ஆனால் ஊரெல்லாம் போய்ப் பார்த்த மனுசி, தன்னைப் பார்க்க வந்தவர்களை எப்படித்தான் போகவிட்டாரோ. நினைக்க இன்றும் எனக்கு மலைப்பாக இருக்கிறது.

ஆறையும் முடித்தார். உண்மையைச் சொல்லிவிடட்டுமா என்று கேட்டார். பழி என்னோடு கிடக்கட்டும் என்றேன். மகள் பல்கலைக்கழகம் போனதைக் கண்ணாரக் கண்டார்.

நோய் திரும்பி வந்து, இனி மருந்தில்லை என்றானபோது, எல்லாரையும் வரச்சொல் என்றார். வந்தீர்கள். மாமி தன் கையால் ரசம் பருக்கினார்.

வைத்தியர்களுக்கும் தாதியருக்கும், கிரியைகளில் கூடநின்ற அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. எல்லாருக்கும் மேலாக, கோபத்தோடு திரும்பிப் போன உங்களுக்கு. அதற்குப் பின் அக்கா எங்களோடு இருந்த நாலு வருடமும் நீங்கள் தந்தவை.