மடையடி மனை

வடசேரி பஸ் ஸ்டாண்டில் பகவதியப்பனைத் தெரியாத சென்னை வண்டி டிரைவர் கிடையாது. ஐப்பசி பிறந்துவிட்டால் போதும், தோவாளையிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்து நின்றுவிடுவார். சென்னை வண்டி உள்ளே நுழைந்து, ஆட்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு இறங்கும்போதே டிரைவர் ஜன்னலடியில் போய்க் கேட்பார்.

“மக்கா, அங்க மழ உண்டுமா?”

உண்டு என்றால் முகம் வெளுத்துவிடும். இல்லை என்றால், “நெசமாத்தான் சொல்லுகியா?” என்று அடுத்த வண்டிக்காரனிடம் போய்ச் சரிபார்ப்பார். எழுநூறு கிலோமீட்டர் ஓடி வந்த வண்டியில் சென்னை மழை ஒட்டிக்கொண்டா இருக்கும்? வண்டியையும் ஈரம் இருக்கிறதா என்று ஒரு தடவை தொட்டுப் பார்ப்பார். வீட்டில் டிவி இருக்கிறதே, கையில் போன் இருக்கிறதே என்றெல்லாம் அவரிடம் பேசிப் பயனில்லை. மகளுக்குப் போன் போட்டால் “ஒண்ணும் இல்லப்பா” என்பாள். ஒன்றும் இல்லை என்று சொல்கிற மகளை எந்தத் தகப்பன் நம்புவான்?

இந்த ஓட்டத்துக்கெல்லாம் காரணம் ஒரு மனை.

மகள் நந்தனாவும் மருமகன் ராஜகுமாரும் 2004-ல் சென்னைக்கு வேலைக்குப் போனார்கள். மூன்று வருஷத்தில் நாலு வாடகை வீடு. ஒரு வீட்டில் தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு காவல் இருக்க வேண்டும். இன்னொரு வீட்டில் மீன் பொரித்தால் வீட்டுக்காரி கதவைத் தட்டுவாள். நேற்று புதராகக் கிடந்த இடத்தில் இன்று கம்பெனி, நாளை அதற்குப் பக்கத்தில் இன்னொன்று என்று நகரம் நாலு பக்கமும் வீங்கிக்கொண்டிருந்தது. இப்போது ஒரு துண்டு நிலம் வாங்காவிட்டால் இனி எப்போதுமே முடியாது என்று எல்லோரும் பயந்த காலம். வேளச்சேரி தாண்டி, புதிதாகக் கல் நட்டிருந்த ஒரு மனைப்பிரிவில் இரண்டு மனைகள் இருந்தன. ஒன்று மேட்டில், ரோட்டை ஒட்டி. மற்றது பள்ளத்தில். ராஜகுமார் மேட்டைத்தான் காட்டினான். பார்க்க வந்திருந்த மாமனார் பள்ளத்தில் இறங்கி மண்ணை அள்ளிப் பிசைந்தார். கறுத்த மண், கையோடு ஒட்டியது.

திரும்பும் வழியில் அவர் தனியாக டீ குடித்தபோது கடைக்காரர் மெதுவாகச் சொன்னார்: “ஐயா, அது ஏரி இடம். மழை பெய்ஞ்சா தண்ணி வந்துரும்.”

நாஞ்சில் நாட்டுக்காரனிடம் சொல்லக்கூடிய பேச்சா இது! எங்கள் பக்கம் மடைக்கு நேர் கீழே கிடக்கிற வயலுக்குத்தான் மவுசு. குளம் திறந்தால் முதல் தண்ணீர் அங்கேதான் பாயும். பகவதியப்பனுக்கு வாய்த்தது கடைமடை வயல். ஒவ்வொரு கும்பப்பூ நெல் சாகுபடிக்கும் மேல்வயல்காரன் கைகாலைப் பிடித்து, சண்டை போட்டு, மிச்சத் தண்ணீரை வாங்கியே பாதி ஆயுசு போய்விட்டது. அப்படிப்பட்டவர் காதில் டீக்கடைக்காரர் சொன்னது எச்சரிக்கையாகவா விழும்? சிபாரிசாகத்தான் விழுந்தது.

“தண்ணி தேடி வாற பூமி மக்கா, கைவிடப்பிடாது” என்று மருமகனை மடக்கிவிட்டார். கடைமடை வயலை விற்று அந்தப் பள்ளத்து மனையை வாங்கிக் கொடுத்தார். டீக்கடைக்காரர் பேச்சை ஒருவரிடமும் சொல்லவில்லை. அதில் சொல்ல என்ன இருக்கிறது என்று அப்போது தோன்றியது.

வீடு கட்டிய முதல் வருஷம் மழைத்தண்ணீர் முற்றத்தோடு நின்றது. அடுத்த வருஷம் வாசற்படி. மூன்றாம் வருஷம் கூடத்துக்குள் வந்து ஃபிரிட்ஜைத் தொட்டது. வயலுக்கு வருகிற தண்ணீர் வீட்டுக்கும் வருமே என்பது அறுபது வயசு மனுஷருக்கு அப்போதுதான் உறைத்தது. கோடையில் மகள் வீட்டில் போய்ப் பத்து நாள் இருப்பார். மழைக்காலத்தில் மட்டும் அந்தப் பக்கம் தலைவைக்க மாட்டார். முழங்கால் தண்ணீரில் நிற்கிற மகள் எதிரே எந்த முகத்தோடு போய் நிற்பது?

2015 டிசம்பரில் மூன்று நாள் நந்தனாவின் போன் கிடைக்கவில்லை. சென்னை வண்டிகளும் வரவில்லை. வண்டி இல்லாத பஸ் ஸ்டாண்டில் இங்கும் அங்கும் நடந்துகொண்டிருந்தவரை மனைவி நாகம்மை வந்து கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிப்போனாள். நாலாம் நாள் மகள் பேசினாள். எதிர்வீட்டு மாடியில் பதினொரு பேரோடு இருந்தார்களாம். “உயிரோட இருக்கோம்ப்பா” என்றாள். அவர் அழுதார். அப்போதாவது அந்தப் பழைய பேச்சைச் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

வீட்டை விற்றுவிட்டு எங்காவது மூன்றாம் மாடிக்குப் போய்விடுவது என்று நந்தனா தீர்மானித்தாள். வாங்கத்தான் ஆள் இல்லை. 2017 கோடையில் சென்னை வறண்டது. தெருவெல்லாம் தண்ணீர் லாரி. நந்தனா வீட்டுக் கிணற்றில் மட்டும் தண்ணீர் கையெட்டுகிற ஆழத்தில் கிடந்தது. அதைக் கேள்விப்பட்டு இராஜாக்கமங்கலத்து மீன் வியாபாரி ஞானதாசன் வந்தார். அவர் மகன் ரெஜினுக்குச் சென்னையில் வேலை. ஊர்க்காரர் வீடு என்றால் ஊரில் விசாரிப்பதுதானே முறை, நேரே தோவாளைக்கே வந்துவிட்டார்.

“மத்ததெல்லாம் நான் பாத்துக்கிடுதேன் அண்ணாச்சி. ஒண்ணு மட்டும் உங்க வாயால சொல்லணும். தண்ணி உண்டுமா?”

காப்பியோடு வந்த நாகம்மை கணவர் முகத்தையே பார்த்தாள். உண்டு என்று ஒரு சொல் போதும். அது பொய்யும் இல்லை. மகள் மாடி ஏறிவிடுவாள், இவருக்கும் வடசேரி ஓட்டம் தீர்ந்துவிடும். பகவதியப்பன் எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடியும் எழுந்தார்.

“கோடைக்குக் கெணத்துல கெடக்கும். மழைக்கு வீட்டுக்குள்ள கெடக்கும். வாங்காதேயும் வே. அது ஏரி.”

அன்று சாயங்காலமே நந்தனா போன் செய்தாள்.

“என்னத்தப்பா சொல்லி வச்சீங்க?”

“உள்ளதத்தான் மக்களே.”

“நாம வாங்கும்போ ஒருத்தரும் நமக்கு உள்ளதச் சொல்லலியே!”

பத்து வருஷம் தொண்டையில் கிடந்தது வெளியே வந்தது. “சொன்னாரு மக்களே. டீக்கடைக்காரரு சொன்னாரு, தண்ணி வரும்னு. எனக்கு அது சந்தோசமா இருந்து. நாந்தான் உங்ககிட்ட சொல்லாமப் போயிட்டேன்.”

அந்தப் பக்கம் போனை வைத்துவிட்டாள். அதன்பின் ஐந்து மாதம் நந்தனா அம்மாவோடு மட்டும்தான் பேசினாள். பகவதியப்பனுக்குச் சோறு இறங்கவில்லை. வாசலுக்கும் அடுக்களைக்கும் நடந்து நடந்து நாகம்மையிடம் திட்டு வாங்கினார்.

ஐப்பசியில் மழை வலுத்தது. அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வடசேரிக்குப் புறப்படும்போது போன் அடித்தது. நாகம்மை எடுத்துக் கேட்டுவிட்டு அவரிடம் நீட்டினாள்.

“அப்பா, தண்ணி வாசப்படிக்கு வந்திட்டு. பஸ் ஸ்டாண்டுல போய் யார்ட்டயும் கேட்டுட்டு நிக்காதீங்க. வண்டி ஏறி இங்க வாங்க. நீங்க தேடிப் பிடிச்ச தண்ணிதான, நீங்களும் வந்து அள்ளுங்க.”

கோபமா, கேலியா என்று குரலில் தெரியவில்லை. எதுவானாலும் அவருக்குச் சம்மதம்.

சாயங்காலம் வடசேரியில் டிரைவர் ததேயுஸ் அவரைக் கண்டதும் கேட்காமலேயே ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினான். “அண்ணாச்சி, அங்க நல்ல மழயாக்கும்!”

“தெரியும் மக்கா” என்றார் பகவதியப்பன். கையில் ஒரு வாளி இருந்தது. “சீட்டு உண்டுமா?”