பின்வரிசையில் ஒரு காலி இருக்கை

இருபத்தாறு ஆண்டுகள். ஆண்டுக்கு நூற்றெண்பது பள்ளி நாட்கள். கன்சாஸ் கோதுமை வயல்களுக்கு நடுவே ஒன்பதாம் எண் மஞ்சள் பேருந்தை ஓட்டிய டெல்மா ரெம்பல், ஒரு பிள்ளையைக்கூட வண்டிக்குள் வைத்துப் பூட்டியதில்லை. ஒரு பிள்ளையைக்கூட வழியில் விட்டுவிட்டு வந்ததில்லை. கடைசி நிறுத்தம் முடிந்ததும் எழுந்து பின்வரிசை வரை நடந்து, ஒவ்வொரு இருக்கையையும் கையால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் இறங்குவாள்.

அறுபத்து மூன்று வயதில் ஓய்வு பெற்ற கையோடு, அவளுடைய மெனோனைட் கிறிஸ்தவ சபை அவளிடம் வேறொரு சாவியைக் கொடுத்தது. ஒவ்வொரு வசந்தத்திலும் சபையார் வெள்ளமோ புயலோ அடித்த ஊருக்குப் போய்ப் பத்து நாள் தங்கி வீடு கட்டிக் கொடுத்துவிட்டு வருவார்கள். இந்த மார்ச்சில் கிழக்குக் கென்டக்கியின் மலைப் பள்ளத்தாக்கு ஒன்று. பன்னிரண்டு பேர், பதினைந்து இருக்கை வேன், பின்னால் கருவிகள் ஏற்றிய இழுவண்டி. ஓட்டுவதற்கு டெல்மாவை விட்டால் வேறு யார்?

முதல் நிறுத்தத்திலேயே பழக்கதோஷத்தில் வேனுக்குள் குனிந்து நடந்து தலைகளை எண்ணினாள். கூரை போடும் மார்வின் விடவில்லை.

"டீச்சரம்மா, நான் வந்துட்டேன். கையும் கழுவிட்டேன். ஸ்டார் ஒட்டி விடுவியா?"

வேனே சிரித்தது. டெல்மாவுக்குக் காது சிவந்துவிட்டது. பேரன் பேத்தி எடுத்தவர்களைப் போய்ப் பிள்ளைகள் மாதிரி எண்ணுவானேன் என்று அடுத்த நிறுத்தத்தில் ஆளுக்கொரு எண் கொடுத்தாள். ஜெபம் முடிந்ததும் அவரவர் எண்ணைச் சொல்ல வேண்டும். பன்னிரண்டு வந்ததும் வண்டி கிளம்பும்.

வில்மர் பென்னருக்கு ஏழு. அவர் மனைவி நெட்டிக்கு எட்டு. முதல் முறையே வில்மர் "ஏழு, எட்டு" என்று ஒரே மூச்சில் சொன்னார்.

"அம்பத்திரண்டு வருஷக் குடித்தனம்!" என்றான் மார்வின். "அந்தம்மாவுக்கு வாயத் தொறக்கிற வேலகூட வைக்கல பாரு, மனுஷன்."

நெட்டி எல்லோரோடும் சேர்ந்து சிரித்தார்.

மிசூரியில் இழுவண்டியின் டயர் வெடித்தது. மாற்று டயர் ஒன்றுதான் இருந்தது, அதைப் போட்டார்கள். நெடுஞ்சாலை ஓரத்தில் லாரிகள் வீசும் காற்றில் நடுங்கிக்கொண்டு நின்ற நேரத்தில், பொழுதுபோக யாரோ பாட்டெடுத்தார்கள். இந்தச் சபையார் பாடினால் நான்கு குரலில்தான் பாடுவார்கள். அதற்காகத் திரும்ப ஏறும்போது குரல் வாரியாக இடம் மாறி உட்கார்ந்தார்கள். அடிக்குரல் ஆண்கள் முன்வரிசையில். இரண்டாம் குரல் பெண்கள் கடைசி வரிசையில், தலையணைகளுக்கும் போர்வை மூட்டைகளுக்கும் இடையில். வில்மர் முன்னே வந்தார். நெட்டி பின்னே போனார்.

மறுநாள் இந்தியானாவில் மழை. பதினோரு மணிக்கு ஒரு நெடுஞ்சாலை ஓய்விடத்தில் நிறுத்தினார்கள். கழிப்பறை, காபி, கொண்டுவந்த சுவீபாக் ரொட்டி. எல்லோரும் ஏறினார்கள். தலை குனிந்து ஜெபம். பிறகு எண்கள். "ஏழு, எட்டு" என்றது வில்மரின் குரல். பன்னிரண்டு வந்தது. டெல்மா கிளம்பினாள்.

முப்பத்தைந்து நிமிடம் கழித்துப் பாட்டு தொடங்கியது. இரண்டாவது அடியில் மார்வின் கையைத் தூக்கினான்.

"இரு, இரு. இரண்டாம் குரல் ஏன் இப்படி இளைச்சுப் போச்சு? லூவெல்லா, நீ மட்டுமா பாடுற? நெட்டி தூங்கிட்டாங்களா?"

கடைசி வரிசையிலிருந்து லூவெல்லா சொன்னாள்: "நெட்டி இங்க இல்லியே. முன்னாடி வில்மர்கிட்டப் போய் உக்காந்துட்டாங்கன்னு நெனச்சேன்."

டெல்மா பின்பார்வைக் கண்ணாடியில் கடைசி வரிசையைப் பார்த்தாள். லூவெல்லாவுக்குப் பக்கத்து இடம் காலி.

"வில்மர், எட்டுன்னு யார் சொன்னது?"

"நான்தான்."

"பாத்துட்டா சொன்னீங்க?"

"பாக்கல. எப்பவும் நான்தானே சொல்றேன்."

"அவங்க போனுக்கு அடிங்க."

வில்மர் தன் சட்டைப் பையிலிருந்து இரண்டு போன்களை எடுத்தார். ஒன்று அவருடையது. மற்றது நெட்டியுடையது.

"அவங்க போன் உங்ககிட்ட எதுக்கு?"

"போன வெச்ச எடம் மறந்துடுவா, டெல்மா. எண்ணச் சொல்லச் சொன்னா அதுவும் மறந்துடும். எல்லார் முன்னாடியும் முழிப்பா. ஒரு வருஷமாவே இப்படித்தான். சில நாள் வீட்டுக்கு வழி தெரியல. கார் கதவ யாரு தொறந்தாலும் ஏறிடுவா."

ஐம்பத்திரண்டு வருடக் குடித்தனம் என்று எல்லோரும் சிரித்தார்களே, டெல்மாவும் சிரித்தாளே.

நெடுஞ்சாலையை விட்டு இறங்கும் அடுத்த வழி ஆறு மைல் தள்ளி. அதில் இறங்கிப் பாலத்தின் மேல் ஏறி எதிர்த்திசையில் திரும்பினாள். மார்வின் அவசர எண்ணுக்குப் பேசினான். அந்தச் சாலையில் வேறொரு விபத்து, போலீஸ் வர நேரமாகும் என்றார்கள். மழையில் இழுவண்டி வால் ஆட்டியது. மணிக்கு அறுபது மைலைத் தாண்டினால் ஆட்டம் கூடும். இன்னொரு டயர் போனால் மாற்று கிடையாது. தாண்டினாள். பின்னால் யாரோ மெல்லிய குரலில் ஜெபித்தார்கள். வில்மர் ஜெபிக்கவில்லை. பக்கவாட்டில் போகும் ஒவ்வொரு காரின் ஜன்னலையும் பார்த்துக்கொண்டே வந்தார்.

முக்கால் மணி நேரத்தில் ஓய்விடம் தெரிந்தது, ஆனால் அந்தப் பக்கத்தில். நடுவில் அகலமான புல்மேடும் கம்பித் தடுப்பும்.

"நிறுத்து! நான் எறங்கி ஓடுறேன்," என்றார் வில்மர்.

"ஆறு வரிசை வண்டி போகுது, வில்மர். உக்காருங்க."

"அவ அங்க இருக்கா!"

"உக்காருங்கன்னு சொன்னேன்ல!" பள்ளிப் பேருந்தில்கூட அவள் அப்படிக் கத்தியதில்லை. அவர் உட்கார்ந்தார். ஓய்விடம் பின்னால் போய் மறைந்தது. ஐந்து மைல் தாண்டித் திரும்பி, மறுபடி ஐந்து மைல் வந்தார்கள். அதற்குள் எத்தனை கார்கள் அங்கே நின்று கிளம்பியிருக்கும் என்று நினைக்கக் கூடாது என்று நினைத்தபடியே ஓட்டினாள்.

வேன் நிற்குமுன் கதவு திறந்தது. பெஞ்சில் இல்லை. கழிப்பறையில் இல்லை. துடைப்பத்தோடு நின்ற துப்புரவுப் பெண்ணை லூவெல்லா பிடித்துக்கொண்டாள்.

"வெள்ள முடி, நீல ஸ்வெட்டர், வயசான அம்மா..."

"அவங்களா? கைகழுவுற தொட்டி எல்லாத்தையும் தேய்ச்சுக் குடுத்தாங்களே. வேண்டாம்மா, வேண்டாம்மான்னேன், கேக்கல. வேல செய்யத்தான் வந்திருக்கோம்னாங்க. இப்பத்தான், பத்து நிமிஷம் இருக்கும், என் துணியையும் வாளியையும் தூக்கிட்டு அந்தப் பக்கம் போனாங்க."

அவள் காட்டியது லாரிகள் நிற்கும் பக்கம்.

டெல்மா ஓடினாள். இருபது, முப்பது லாரிகள். எல்லா எஞ்சினும் உறுமிக்கொண்டிருந்தன. மழை கண்ணில் அடித்தது. இரண்டு லாரிகளுக்கு இடையில் நுழைந்தபோது அந்தச் சத்தம் கேட்டது: காற்றுப் பிரேக்கை விடுவிக்கும்போது வருமே, புஸ்ஸென்ற பெருமூச்சு. இருபத்தாறு வருடம் தன் காலடியில் கேட்ட சத்தம். அடுத்த நொடி வண்டி நகரும். ஓட்டுநருக்குத் தன் மூக்குக்கு நேர் கீழே நிற்பவர் தெரியவே தெரியாது. ஒவ்வொரு செப்டம்பரிலும் பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்து அவள் சொல்லிக் கொடுத்த பாடம்.

அந்தச் சிவப்பு லாரியின் முன்பக்கம், விளக்குக்கு அடியில், நீல ஸ்வெட்டரின் கை ஒன்று மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தது.

டெல்மா கத்தினாள், தன் காதுக்கே கேட்கவில்லை. படியில் தாவி ஏறி ஓட்டுநர் கதவை இரண்டு கையாலும் அறைந்தாள். லாரி ஒரு அடி உருண்டு, குலுங்கி, நின்றது. வாளி கவிழும் சத்தம்.

"என்னம்மா, பைத்தியமா உனக்கு?" என்று ஜன்னலைத் திறந்தார் ஓட்டுநர்.

"முன்னாடி ஆளு! முன்னாடி ஆளு நிக்குது!"

அவர் இறங்கிப் பார்த்தார். பம்பரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

நெட்டி துணியைப் பிழிந்துகொண்டிருந்தார். முழுக்க நனைந்திருந்தார். "வந்துட்டியா டெல்மா? எவ்வளவு சேறு பாரு. வெள்ளம் இம்புட்டு ஒசரம் ஏறியிருக்கு. பாவம், இந்த வீட்டுக்காரங்க."

"ஆமா நெட்டி. வாங்க, தொடச்சது போதும். குளுருது."

"எல்லாரும் எங்க போயிட்டீங்க? நான் மட்டுமா செய்யறது?"

டெல்மா தன் மழைக்கோட்டைக் கழற்றி அவர்மேல் போட்டாள். வில்மர் ஓடி வந்தார். மனைவியின் ஈரத் தலையில் முகத்தை வைத்துக்கொண்டு நின்றார்.

வேனுக்குப் போகும் வழியில் அவர் டெல்மாவின் முழங்கையைத் தொட்டார். "எங்க பிள்ளைங்களுக்குத் தெரிய வேண்டாம். தெரிஞ்சா முதியோர் இல்லத்துல கொண்டுபோய்ச் சேத்துடுவாங்க. என்னையும் அவளையும் பிரிச்சுடுவாங்க. இதுதான் எனக்குப் பயம்."

"எனக்கு இப்ப வேற பயம் வந்துடுச்சு, வில்மர். அந்தச் சத்தம் எனக்குக் கேக்காமப் போயிருந்தா?"

அவர் நின்றார். மழை அவர் கண்ணாடியில் வழிந்தது.

"டாக்டர்கிட்டக் காட்டினீங்களா?"

"இல்ல. ரெண்டு தடவ தேதி வாங்கினேன். ரெண்டையும் நானே போன் பண்ணி வேண்டாம்னுட்டேன்."

"மூணாவது தேதிக்கு நான் ஓட்டுறேன். உங்க மககிட்ட நீங்க பேசுங்க. இன்னைக்கே."

வேனில் போர்வை மூட்டைகள் அவிழ்ந்தன. நெட்டியின் காலுறையை லூவெல்லா மாற்றினாள். மார்வின் காபி வாங்கி வந்தான். நெட்டியிடம் ஒன்று, ஓட்டுநர் இருக்கையில் குனிந்து உட்கார்ந்திருந்த டெல்மாவிடம் ஒன்று.

"நேத்து நீ தல எண்ணினப்ப நான் வாய வெச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாம்," என்றான்.

"ஆமா, இருந்திருக்கலாம்," என்றாள் டெல்மா. காபியை வாங்கிக்கொண்டாள்.

லூயிவில் நகரம் வந்ததும் வேன் சாவி மார்வின் கைக்குப் போனது. ஒன்பது பேர் கென்டக்கி மலைக்குப் போனார்கள். அன்றிரவு வில்மர் லூயிவில் விடுதி அறையிலிருந்து மகளிடம் நாற்பது நிமிடம் பேசினார். மறுநாள் காலை டெல்மா வாடகைக் கார் ஒன்றில் பென்னர் தம்பதியை ஏற்றிக்கொண்டு கன்சாஸ் திரும்பினாள். செவ்வாய்க்கிழமை பத்தே கால் மணிக்கு விச்சிட்டாவில் நரம்பியல் மருத்துவரிடம் நேரம் வாங்கியிருக்கிறார்கள், மகளும் வருகிறாள்.