கண்ணாடியில் விழுந்த ஓடிக்கொலோன்

முன்வீட்டுக்காரர் பட்டாளத்தில் இருந்தவர் என்று தெரிந்த காலையில் நான் யன்னல் சீலையை இழுத்து மூடினேன். நானும் மகளும் ஆக்லாந்துப் பக்கம் பாபகூராவுக்கு வாடகைக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அன்று போர்வீரர் நினைவுநாள். நெஞ்சு நிறையப் பதக்கங்களும் பளபளக்கும் சப்பாத்துமாக அந்த மனிதர் தன் மனைவியைக் கைபிடித்துக் காரில் ஏற்றிக்கொண்டிருந்தார். பட்டாளத்தின் ஷெல்லடிக்குப் புருஷனைப் பறிகொடுத்துவிட்டு, ஐந்து வயதுப் பிள்ளையோடு இந்த நாட்டில் வந்து இறங்கியவள் நான். எனக்குப் பட்டாளத்தான் என்றால் ஒரே ஒரு அர்த்தம்தான். இவ்வளவு தூரம் ஓடி வந்தும் முன்வீட்டில் ஒருவன் இருக்கிறானே என்று எரிச்சல் எரிச்சலாக வந்தது.

அடுத்த வருடம், ஈஸ்டருக்கு மறுநாள் திங்கட்கிழமை, அதே மனிதர் என் வீட்டுக் கதவைத் தட்டினார். கோட்டும் டையும் போட்டிருந்தார். கையில் ஒரு ஓடிக்கொலோன் போத்தல். எங்கள் ஊரில் ஓடிக்கொலோன் மணப்பது இரண்டு இடங்களில்தான்: காய்ச்சல்காரரின் நெற்றியில், இல்லாவிட்டால் செத்த வீட்டில். எனக்குக் காய்ச்சல் இல்லை. ஆகவே அவருடைய மனைவிதான் போய்விட்டார் என்று நானே முடிவுகட்டி, முகத்தைத் துக்கமாக வைத்துக்கொண்டு, ஆங்கிலத்தில் எனக்குத் தெரிந்த ஆறுதல் வார்த்தைகள் அத்தனையையும் சொல்லி முடித்தேன். அவர் இடைமறிக்காமல் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு நின்றார். பிறகுதான் பார்த்தேன், நான் மனதுக்குள் சாகடித்துவிட்ட அவருடைய மனைவி தலை நனைந்தபடி கேற்றடியில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார்.

விஷயம் இதுதான். அவர் ஹங்கேரிக்காரர். அவருடைய நகரத்துக்குள் டாங்கிகள் புகுந்தபோது பதினேழு வயது. பனிக்குள் நடந்து எல்லையைக் கடந்து, அகதியாக ஆக்லாந்துக்கு வந்து சேர்ந்தவர். இங்கே முதலில் கிடைத்த நிரந்தர வேலை பட்டாள வேலை. அவர்கள் அவரை மலாயாக் காட்டுக்குச் சண்டைக்கு அனுப்பினார்கள். அங்கே ரப்பர் தோட்டத்துச் சனங்களிடம் ஒரே ஒரு தமிழ்ச் சொல் படித்தாராம். அவர் பிறந்த நாட்டில் ஈஸ்டர் திங்களன்று ஆண்கள் வீடு வீடாகப் போய்ப் பெண்களின் தலையில் தண்ணீரோ வாசனையோ தெளிப்பார்கள். அப்படிச் செய்தால் அந்தப் பெண்கள் வருடம் முழுவதும் வாடமாட்டார்களாம். பதிலுக்குப் பெண்கள் சாயம் போட்ட முட்டை ஒன்று கொடுக்க வேண்டும். மனைவிக்கும் ஈஸ்டருக்கு வந்திருந்த இரண்டு மகள்மாருக்கும் தெளித்தாகிவிட்டது, அடுத்தது அயல் வீடு என்று விளக்கிவிட்டு, போத்தலைக் குலுக்கி, அந்த ஒரே தமிழ்ச் சொல்லைச் சொன்னார்.

"தண்ணி?"

நான் ஓரடி பின்னால் போனேன். கலியாண வீட்டு வாசலில் பன்னீர்ச் செம்போடு நிற்பவர்கள் என்னைக் கண்டதும் கையை மெல்லத் தாழ்த்தி, எனக்குப் பின்னால் வருகிறவளுக்குத் தெளிப்பார்கள். புருஷன் போன நாளிலிருந்து அப்படித்தான். யாரும் வாய்திறந்து எதுவும் சொல்வதில்லை. நானும் ஒன்றும் தெரியாதவள் மாதிரி உள்ளே போய்விடுவேன். அதை இந்த மனிதருக்கு எப்படி விளங்கப்படுத்துவது? நாங்கள் கதைத்தது ஆங்கிலத்தில். ஆனால் எனக்குள் அது என்னுடைய தமிழிலேயே பதிந்து கிடக்கிறது.

"நான் புருஷன் இல்லாதவள். எங்கட ஆக்கள் எனக்கு இதுகள் செய்யிறேல்லை."

"காய்ஞ்ச செடிக்கு விடாமல் வேற எதுக்குத் தண்ணி விடுறது?" என்றார் அவர்.

ஆனாலும் கையைத் தூக்கவில்லை. நான் சம்மதிக்கும்வரை நின்றார். நான் தலையைக் குனிந்தேன். உச்சியில் விழுந்தது பிடரி வழியாகக் குளிர்ந்து இறங்கியது. முட்டையை அவிக்க வேண்டும் என்றுகூடத் தெரியாமல், பிரிட்ஜில் இருந்த பச்சை முட்டையைக் கொண்டுவந்து கொடுத்தேன். அவர் அதற்கு ஒரு சல்யூட் அடித்து வாங்கிக்கொண்டு போனார். நான் கதவைச் சாத்திவிட்டு விக்கி விக்கி அழுதேன்.

அதற்குப் பிறகு யன்னல் சீலையை மூடவில்லை. அவருக்குத் தன் வீட்டார் என்றால் பைத்தியம். பின்னேரமானால் முன்படியில் உட்கார்ந்து வீட்டில் உள்ள எல்லோருடைய சப்பாத்துகளையும் மினுக்குவார். மகள்மார் பிரிஸ்பேனில் இருந்து வந்தால் அவர்களுடையதும் வரிசைக்கு வரும். என் மகளின் பள்ளிக்கூடச் சப்பாத்தும் எப்படியோ அந்த வரிசையில் சேர்ந்துவிட்டது. யுத்தத்தைப் பற்றி ஒருநாள் வாயைக் கிளறிப் பார்த்தேன். கால் எப்போதும் ஈரமாகவே இருந்தது என்பதற்கு மேல் ஒரு சொல் வரவில்லை.

ஈஸ்டர் செவ்வாய் பெண்களின் முறை. முந்திய நாள் நனைந்தவர்கள் திருப்பி நனைக்கலாம். அன்று அவர் பழைய சேர்ட் ஒன்றைப் போட்டுக்கொண்டு முற்றத்துப் பைப்படியில் கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். மனைவி ஹோஸ் பைப்பால் தண்ணீரை அடி அடியென்று அடிப்பார். அந்த வயதில் இதென்ன கூத்து என்று நான் நினைத்ததுண்டு. பொறாமையும்தான்.

பிறகு அந்த அம்மாவுக்கு ஞாபகம் தவறத் தொடங்கியது. நான் வேலை செய்த முதியோர் இல்லத்திலேயே இடம் கிடைத்தது. அவர் தினமும் வந்து மனைவிக்குத் தன் கையால் சாப்பாடு தீத்திவிட்டுப் போவார். அந்த அம்மா துணிச் செருப்பைத் தவிர வேறு எதுவும் போடாத காலத்திலும், வீட்டில் அவர் மனைவியின் சப்பாத்துகளை மினுக்கிக்கொண்டுதான் இருந்தார்.

அப்போதுதான் லொக்டவுன் வந்தது. முதியோர் இல்லத்துக்குள் வெளியார் ஒருவரும் வரக்கூடாது, வெளியே இருந்து ஒரு பொருளும் வரக்கூடாது. ஈஸ்டர் திங்கள் நெருங்க நெருங்க அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. போத்தலை ஒளித்துக் கொண்டுபோய் நான் தெளித்துவிடுகிறேன் என்று அவருடைய வேலிக்கு வெளியே நின்று சொன்னேன். பெண் கை தெளித்தால் கணக்கில் வராதாம். "நான்தான் விடவேணும்" என்றார்.

ஆகவே அந்த அம்மாவைச் சக்கர நாற்காலியில் வைத்து யன்னலடிக்குத் தள்ளிக்கொண்டு போனேன். அவர் கோட்டும் டையுமாக வந்து, பூப்பாத்திக்குள் நின்று, போத்தலை உயர்த்திக் கண்ணாடியில் தெளித்தார். துளிகள் வழிந்தன. புருஷனுடைய பெயரே மறந்துபோன அந்த அம்மா, உள்ளே இருந்து தலையைக் குனிந்தார். எதை மறந்தாலும் அதை மறக்கவில்லை. பிறகு ஒரு துளி வழிய வழிய, கண்ணாடியின் இந்தப் பக்கம் விரலால் அதன் பின்னாலேயே போனார்.

கதவுகள் திறப்பதற்கு முன்பே அந்த அம்மா போய்விட்டார். மகள்மாரால் வர முடியவில்லை. போனில் பார்த்து அழுதார்கள். எல்லாம் முடிந்த பிறகு ஒருநாள் அவர் ரோட்டைக் கடந்து என் கேற்றடிக்கு வந்தார்.

"தண்ணி கண்ணாடியிலதான் பட்டது. அவவில படேல்லை."

அதனால் அந்த அம்மா சாகவில்லை என்று நான் வாதாடினேன். வயது, மறதி வருத்தம், டொக்டர் சொன்னது எல்லாம் சொன்னேன். அந்த முதல் நாளைப் போலவே மரியாதையாகக் கேட்டுக்கொண்டு நின்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு சில வருடங்கள் ஈஸ்டருக்கு அவர் போத்தலை எடுக்கவில்லை. நான் வெங்காயத் தோல் போட்டு அவித்த சிவப்பு முட்டைகளைக் கொண்டுபோனால், தண்ணீர் விடாதவனுக்கு முட்டை இல்லை என்று திருப்பி அனுப்பிவிடுவார். எனக்குக் கோபம் கோபமாக வரும். யார் மேல் என்று தெரியாது.

சென்ற வருடம் அவருக்கும் மறதி வந்துவிட்டது. மூத்த மகள் பிரிஸ்பேனில் இருந்து வந்து கூடவே இருந்தார். ஈஸ்டர் திங்களன்று என் கதவு தட்டப்பட்டது. திறந்தால் அவர். கோட்டும் டையும் சரியாக இருந்தன. காலில் மட்டும் வீட்டுச் செருப்பு. கையில் போத்தல். இந்தமுறை சம்மதம் கேட்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்னை உள்ளுக்கு விட்டிட்டாங்கள்" என்றார்.

அவர் என்னில் யாரைப் பார்க்கிறார் என்று எனக்கு விளங்கியது. தலையைக் குனிந்தேன். அவர் போத்தல் முழுவதையும் என் தலையில் கவிழ்த்தார். கண் எரிந்தது. நனைந்த தலைமயிரை ஒருமுறை தடவிவிட்டு, நான் கொடுத்த முட்டையைப் பொக்கெற்றில் போட்டுக்கொண்டு நடந்து போனார்.

மறுநாள் காலை அவர் பழைய சேர்ட்டோடு பைப்படியில் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். உள்ளே வரச் சொன்னாலும் வரமாட்டேன் என்கிறார், என்னால் இதைச் செய்ய முடியவில்லை என்று அவருடைய மகள் வாசலில் நின்று அழுதார். நான் ரோட்டைக் கடந்து போய் ஹோஸ் பைப்பை எடுத்தேன். மெல்லமாகத்தான் விட்டேன். அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். இந்தமுறை என்னையேதான் பார்த்தார்.

"நீரா?"

"ஓம்."

"அவ போயிட்டா, என்ன?"

"ஓம்."

நாடியில் இருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. "அவவில பட்டதோ?" என்று கேட்டார்.

"பட்டது" என்றேன். "தலை முழுக்கப் பட்டது."

அவர் தலையை ஆட்டினார். நான் பைப்பைப் பூட்டிவிட்டு, துவாய் எடுத்துவந்து அவர் தலையைத் துவட்டிவிட்டேன்.

குளிர்காலத்தில் அவர் இறந்தார். பழைய பட்டாளக்காரர்கள் வந்து பெட்டியின் மேல் கொடி போர்த்தி மரியாதை செய்தார்கள். நான் அவருடைய மகளிடம் கேட்டு, எங்கள் ஊர் முறைப்படி அவர்மேல் ஓடிக்கொலோன் தெளித்தேன்.

இந்த வருடமும் ஈஸ்டர் திங்களன்று வெங்காயத் தோல் போட்டு முட்டை அவித்தேன். யாரும் வரமாட்டார்கள் என்று தெரியாமலில்லை. பின்னேரம் வரை கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தலை காய்ந்தே இருந்தது.