பூனைக்காலிச் சால்வை

பூனைக்காலிக் காயின் சுணைமயிர் பட்டால் தோலை உரித்து எறியலாம்போல் கடிக்கும். வேலியில் கண்டால் எங்கள் ஊரில் வெட்டி எரித்துவிடுவார்கள். அதை வெங்காயத் தறையில் பந்தல் போட்டு, தண்ணீர் கட்டி வளர்த்த ஒரே மனிதர் என் அப்பா. விதையை நாட்டு மருந்துக் கடைக்காரர் வாங்குவதாகச் சொல்லியிருந்தார். தங்கள் இருவருடைய அப்பாவின் காணியில் போயும் போயும் சொறியை நட்டதற்காகப் பெரியப்பா அப்பாவுடன் கதைப்பதை நிறுத்தினார். பள்ளிக்கூடத்தில் நான் 'சொறியன்ரை மகள்' ஆனேன். எங்கள் வளவுக்குள் நுழையவே எனக்கு வெட்கமாக இருந்தது.

முற்றிய காய் வெயிலில் சுணையைப் பறக்கவிடும். அதனால் அப்பா விடியற்பனியின் ஈரத்தில், சாக்கைப் போர்த்திக்கொண்டு காய்களை ஆய்ந்து எடுப்பார். பிள்ளையார் கோவிலில் எங்கள் குடும்பத் திருவிழா வந்த அன்றும் ஆய்ந்தார். பிறகு முழுகிவிட்டு, உடுப்புக்கொடியில் காய்ந்த சால்வையை எடுத்துக்கொண்டு புறப்பட்டார். அந்தக் கொடிக்கயிற்றின் ஒரு தலைப்பு பூனைக்காலிப் பந்தற்காலில் கட்டியிருந்ததை யாரும் யோசிக்கவில்லை.

கதைக்காவிட்டாலும் சாமியைத் தோளில் காவும்போது முன்தண்டுகள் இரண்டும் அண்ணன் தம்பிக்குத்தான். வெறும் மேலில் சால்வையை மடித்து வைத்து, அதன்மேல் தண்டைத் தாங்கினார்கள். வடக்கு வீதியில் அப்பாவின் தோள் சிவந்து தடித்தது. சொறியக் கையெடுத்தால் சாமி சரியும். அவருடைய கண்ணிலிருந்து தண்ணீர் ஓடியது.

"தன்ரை பயிர் தனக்கே கடிக்குது," என்று பின்னால் வந்த மாமி ஒருத்தி சொல்ல, பெண்கள் சிரித்தார்கள். நான் அம்மாவின் சேலைக்குள் ஒளிந்தேன்.

தேங்காய் உடைப்பதற்காகத் தண்டுக்கு அடியில் மிண்டுக்கட்டை கொடுத்து நிறுத்தினார்கள். பெரியப்பா நேரே அப்பாவிடம் வந்தார்.

"உந்தச் சால்வையை இஞ்சை தா."

"வேண்டாம் அண்ணை."

"விடடா. சாமியைப் போட்டிடுவாய்."

சால்வையைப் பிடுங்கினார். ஊர் பார்த்திருக்கத் தம்பியின் தோள் சால்வையைப் பறிப்பதா என்று எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அழுதுகொண்டு வீட்டுக்கு ஓடிவிட்டேன்.

அப்பா வந்தபோது அவர் தோளில் எங்களுடையதல்லாத கரைச் சால்வை ஒன்று கிடந்தது. யாரோ இரங்கிக் கொடுத்ததென்று எண்ணி, அதற்கும் வெட்கப்பட்டேன்.

பின்னேரம் அம்மா ஒரு வாளியில் சாணி கரைத்து, பெரியப்பா வீட்டுக்குக் கொண்டுபோகச் சொன்னார். சுணைக்கடிக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் மருந்து. பெரியப்பா கிணற்றடியில் குந்தியிருந்தார். தண்டு தாங்கிய தோள் அப்பத்தைப்போல வீங்கியிருந்தது. சாணியை அள்ளிப் பூசிக்கொண்டே என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"கொப்பற்றை பயிர் நல்லா விளைஞ்சிருக்கு எண்டு நான் சொன்னதாச் சொல்லு."

இந்த நிலையிலும் நக்கலா என்று எனக்கு ஆத்திரம் வந்தது. அப்பா மனம் நோகக்கூடாது என்று அதை அவரிடம் சொல்லவேயில்லை.