கூழ் கரைக்கும் கை, கோதுமை பீர்

"மொதல்ல வெறும் கிளாஸ் கொண்டாப்பா. பீரு அப்புறம்" என்கிறார் பூங்கொடி. கன்னடத்தில்தான் சொல்கிறார். ஓசூர்க்காரர்களுக்கு அது இடுப்பில் செருகிய இன்னொரு சுருக்குப் பை.

காலி கிளாஸ் வந்ததும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறார். பிறகு மூக்கை உள்ளே நுழைத்து ஒரு மூச்சு இழுக்கிறார். சோப்பு வாசனையோ ஈரத்துணி வாசனையோ அடித்தால் கைப்பையை மாட்டிக்கொண்டு எழுந்துவிடுவார். "கிளாஸு கழுவத் தெரியாதவன் காய்ச்சுனது எப்படி இருக்கும்?" இன்று கிளாஸில் எந்த வாசனையும் இல்லை. எதிரே உட்கார்ந்திருக்கும் கணவர் தங்கதுரை நிம்மதியாகி வேர்க்கடலை மசாலா சொல்லிவிடுகிறார்.

பூங்கொடிக்கு நாற்பத்தேழு வயது. சிப்காட்டில் வண்டிகளுக்கு வயர் கட்டும் கம்பெனியில் கடைசிச் சோதனை மேசை அவருடையது. பிறந்தது சாமல்பட்டிப் பக்கம், கேழ்வரகு விதைக்கும் வீடு. சனிக்கிழமை விடுமுறை கிடைத்தால் காலையில் சோறு வடித்துக் குழம்பு வைத்துவிட்டு, தலையில் பூ வைத்துக்கொண்டு, கணவருடன் பெங்களூர் பஸ் ஏறிவிடுவார். பொம்மசந்திராவில் இறங்கி மெட்ரோ. போவது உறவினர் வீட்டுக்கோ ஜவுளிக் கடைக்கோ அல்ல. அங்கேயே பீர் காய்ச்சி அங்கேயே ஊற்றித் தரும் இடங்களில் எது நல்லது என்று கண்டுபிடிப்பதற்கு.

அவர் அவற்றைக் 'காய்ச்சுற கடை' என்கிறார். மற்றவை எல்லாம் 'தெறக்குற கடை'. மூடியைத் திறந்து கொடுப்பதோடு அங்கே வேலை முடிந்துவிடுகிறது.

ஆரம்பம் கம்பெனி விருந்துதான். நன்றாக வேலை செய்த உற்பத்தி வரிசைக்கு என்று பெங்களூரில் ஒரு பெரிய இடத்தில் சாப்பாடு போட்டார்கள். பெண்கள் எல்லோருக்கும் ஜூஸ் வந்தது. பூங்கொடி கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் நின்ற செம்புத் தொட்டிகளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அது என்ன என்று கேட்டார். சொன்னார்கள். எனக்கும் கொஞ்சம் கொடுங்கள் என்றார். சூப்பர்வைசர் சிரித்தார், வரிசையில் இருந்த பெண்கள் சிரிக்கவில்லை. "கொஞ்சமா வாயில வெச்சன். கூழுக்குத் தங்கச்சி மாதிரி இருந்துச்சு" என்று அந்த நாளைச் சொல்கிறார்.

இதைக் கேட்கிறவர்கள் அடுத்துக் கேட்பது ஒன்றுதான்: தெருமுனையிலேயே அரசாங்கக் கடை இருக்கும்போது பீர் குடிக்க இவ்வளவு தூரமா? "அங்க விக்கறது ஏறுறதுக்கு. நான் ஏறுறதுக்குக் குடிக்கலைங்க, ருசிக்குக் குடிக்கறன்." இரண்டு கிளாஸுக்கு மேல் போவதில்லை. மூன்றாவதில் நாக்கு பொய் சொல்லும் என்பது அவர் கட்சி.

செல்போனில் நட்சத்திரம் பார்த்து அவர் எங்கும் போவதில்லை. "போட்டோ எடுக்க எடம் நல்லா இருந்தா ஸ்டார் குடுத்துடறாங்க." மதியமே போய்விடுவார். மாலையில் பாட்டுச் சத்தத்தில் பரிமாறுகிறவர் காதில் எதுவும் விழாது. பகலில் அவர்களுக்குப் பேச நேரமிருக்கும், காய்ச்சுகிறவரும் தொட்டிப் பக்கம் நடமாடிக்கொண்டிருப்பார். பலகையில் எழுதிய வகைகளை நிதானமாகப் படித்துவிட்டு, "இதுல எதை வாங்க வேணாம்?" என்று கேட்பார். எல்லாமே நன்றாக இருக்கும் என்று பதில் வந்தால் அந்தக் கடை மேல் நம்பிக்கை போய்விடும். இந்திரா நகரில் ஒரு கடையில் பரிமாறிய பெண் குனிந்து, "கருப்பு வேணாம்மா, தொட்டி அடிக்கு வந்துடுச்சு" என்று முதலாளிக்குக் கேட்காமல் சொன்னாள். அந்தக் கடைக்குப் பூங்கொடி இப்போதும் போகிறார்.

அவருக்குப் பிடித்தது கோதுமை பீர். அது கலங்கலாக இருக்க வேண்டும், பழுத்த வாழைப்பழமும் கிராம்பும் எங்கோ தூரத்தில் மணக்க வேண்டும். தெளிந்து பளபளவென்று வந்தால் முகம் சுளிப்பார். "வடிச்சு வடிச்சு கண்ணாடியாட்டம் குடுத்தா, உள்ள இருந்ததெல்லாம் எங்க போச்சு?" குடிக்கக் குடிக்க நுரை கிளாஸின் சுவரில் வளையம் வளையமாகத் தங்குகிறதா என்றும் பார்ப்பார். தங்கினால் அந்த வளையங்களைக் கணவரிடம் காட்டுவார். தங்கதுரை, "ம்" என்பார்.

தங்கதுரைக்கு ஊர் முசிறிப் பக்கம், வேலை இரும்பு அடிக்கும் பட்டறையில். பீரை ஒருமுறை நாக்கில் வைத்துவிட்டு, "வேப்பங்கொழுந்து கணக்கா இருக்கு" என்று தள்ளிவிட்டவர். அவருக்கு வேர்க்கடலை போதும், எலுமிச்சை சோடா போதும். எந்தக் கடையிலும் பரிமாறுகிறவர் பீரைத் தங்கதுரை முன்னாலும் சோடாவைப் பூங்கொடி முன்னாலும்தான் வைப்பார். இருவரும் ஒரு வார்த்தை பேசாமல் கிளாஸ்களை மாற்றிக்கொள்வார்கள். சாப்பாட்டு இலையில் அப்பளத்தை மாற்றிக்கொள்கிற மாதிரி இருக்கும்.

எப்போதும் அவர் சொல்வதே சரி என்றும் இல்லை. கோரமங்களாவில் ஒரு கடையில் பலகையில் இருந்த புதுப் பெயரைப் பார்த்து வாங்கினார். ஒரு வாய் குடித்தவுடன் கிளாஸைத் தள்ளி, "கெட்டுப்போச்சு, எடுத்துட்டுப் போங்க" என்று சத்தம் போட்டுவிட்டார். பக்கத்து மேசைகள் திரும்பின. காய்ச்சுகிற சுரேந்தர் ஈரக்கையோடு வந்து நின்றார். அது வேண்டுமென்றே புளிக்க வைத்த வகை, நாட்கணக்கில் காத்திருந்து அந்தப் புளிப்பைக் கொண்டுவந்ததாகப் பொறுமையாக விளக்கினார். பூங்கொடி மறுபடி ஒரு வாய் குடித்தார். "அடப்பாவி, ஆமா. இது புளிச்சது, அழுகுனது இல்ல. என்மேலதான் தப்பு." பிறகு திரும்பிப் போகவிருந்த சுரேந்தரைக் கையைப் பிடித்து நிறுத்தினார். "ஆனா அதைப் பலகையில எழுதிப் போடுங்க தம்பி. என்னாட்டம் எத்தினி பேர் திட்டிட்டுப் போவாங்க?" அடுத்த முறை போனபோது எழுதிப் போட்டிருந்தார்கள்.

வாசலில் நிறுத்தப்படுவதும் உண்டு. கறுப்புச் சட்டைக் காவலாளி ஒருவர் நூல் புடவையையும் தலைப்பூவையும் பார்த்துவிட்டு, பக்கத்தில் நல்ல சைவ ஓட்டல் இருக்கிறது என்று கை காட்டினார். "அங்க தொட்டி இருக்கா?" என்று கேட்டார் பூங்கொடி. இல்லை என்றார் அவர். "அப்ப வழி விடு."

இதே பதில் ஓசூரில் செல்லுபடியாவது கடினம். சிப்காட்டுக்குப் பின்னால் உள்ள காலனியில் அவர் குடியிருப்பது வாடகை வீடு. அந்தத் தெருவில் அவருக்கென்று ஓர் இடம் உண்டென்றால் அது மாரியம்மன் கோயில் கூழ் அண்டா. ஆடி ஞாயிற்றுக்கிழமை தெருவே குடிக்கிற கூழைப் பல வருடங்களாக அவர்தான் கரைத்துக் காய்ச்சுகிறார். மற்ற ஊர்களில் கேழ்வரகு மாவு ஒரே இரவில் புளித்துவிடும். ஓசூரின் ஆடிக் காற்றுக்கும் தூறலுக்கும் அது போதாது. வெள்ளிக்கிழமை மாலையே கரைத்து, சாக்குப் போர்த்தி, இரண்டு இரவு விட வேண்டும். இந்தக் கணக்கைத் தெருவுக்குச் சொல்லிக் கொடுத்தவர் அவர். நடுவில் வரும் சனிக்கிழமை மாவு தானாகப் புளித்துக்கொண்டிருக்கும், பூங்கொடி பெங்களூருக்குப் போய்விடுவார். "மாவு புளிக்கற அன்னிக்கு எனக்கு என்ன வேலை?"

சென்ற ஆடிக்குச் சற்று முன்னால் ஒரு காய்ச்சுற கடை தன் வாடிக்கையாளர்களின் படங்களைச் செல்போனில் வெளியிட்டது. கேட்டுக்கொண்டுதான் எடுத்தார்கள். பூங்கொடியும் கிளாஸைத் தூக்கிப் பிடித்துச் சிரித்துக்கொண்டுதான் நின்றார். அந்தப் படம் எப்படியோ தெருவின் வாட்ஸ்அப் குழுவுக்கு வந்து சேர்ந்தது. அன்றிலிருந்து அவர் தண்ணீர் பிடிக்க வந்தால் குழாயடியில் பேச்சு நின்றது.

ஆடிக் கூழுக்கு வெள்ளிக்கிழமை மாலை மாவுத் தூக்கோடு கோயிலுக்குப் போனபோது அண்டாவுக்கு முன்னால் கூட்டம் இருந்தது. விழா நடத்துகிற நாராயணப்பன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கூழுக்கு வீடு வீடாக மாவு திரட்டும் மாரம்மா அண்டாவின் விளிம்பில் கை வைத்து நின்றாள்.

"இந்த வருசம் நீ கரைக்க வேணாம் பூங்கொடி. ஆத்தாளுக்கு ஊத்துற கூழு. குடிக்கற கை படக்கூடாது" என்றாள் மாரம்மா.

"போன வருசமும் இதே கைதான் மாரம்மாக்கா. மூணு சொம்பு வாங்கிக் குடிச்சியே, அப்ப கையைப் பாக்கலையா?"

"அப்ப தெரியாது."

"கூழுக்குத் தெரிஞ்சிருக்கும். அது நல்லாத்தான புளிச்சுது?"

பின்னாலிருந்து யாரோ சிரித்து அடக்கினார்கள். நாராயணப்பன் தொண்டையைச் செருமினார். "தங்கதுர, நீ ஒண்ணும் சொல்ல மாட்டியாப்பா?"

கோயில் வேப்பமரத்தடியில் நின்றிருந்த தங்கதுரை, "குடிக்கறது அவ. கேக்கறதுன்னா அவளைக் கேளுங்க. நான் கடலதான் தின்னேன்" என்றார்.

"அண்ணே" என்று பூங்கொடி நாராயணப்பனைப் பார்த்தார். "நீங்க டெய்லி சாயங்காலம் முக்குக் கடைக்குப் போறீங்க. போயிட்டு வந்து இதே நாக்காலில உக்காந்து வசூல் பண்றீங்க. யாராச்சும் எந்திரின்னு சொன்னாங்களா?"

"நான் ஆம்பளைம்மா."

"அது நாக்காலிக்குத் தெரியுமாண்ணே?"

இந்த முறை சிரிப்பை யாரும் அடக்கவில்லை. நாராயணப்பன் முகம் இறுகியது. எழுந்து நின்றார். வாதம் வேண்டாம், ஒரே வழிதான் என்றார். பூங்கொடி அம்மன் முன்னால் சூடம் ஏற்றி அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும். செய்துவிட்டால் அண்டா அவருடையது. இல்லையென்றால் மாவுத் தூக்கை மாரம்மாவிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம்.

"என்னன்னு சத்தியம் பண்ணணும்?"

"நாளைக்குப் போக மாட்டேன்னு. இனிமேட்டுக்கும் போக மாட்டேன்னு."

பொய்ச் சத்தியம் செய்திருக்கலாம். அந்தத் தெருவில் சூடம் அணைத்துவிட்டு அடுத்த வாரமே முக்குக் கடையில் நின்ற ஆண்கள் உண்டு, யாரும் அவர்களைக் கேட்டதில்லை. மாரம்மாவே பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தி, "சொல்லிட்டுப் போயேன்டி. அப்புறம் யாரு பாக்கப் போறாங்க?" என்றாள். அவளுக்கும் மாவு நேரத்தில் கரைய வேண்டும் என்ற கவலை இருந்தது.

பூங்கொடி மாவுத் தூக்கைக் கீழே வைத்தார். நாராயணப்பன் தட்டில் சூடத்தை வைத்து ஏற்றினார். காற்றில் சுடர் சாய்ந்து நிமிர்ந்தது. தங்கதுரை மரத்தடியை விட்டு இரண்டு அடி முன்னால் வந்தார்.

பூங்கொடி வளையலை முழங்கை வரை ஏற்றிக்கொண்டு அம்மனைப் பார்த்து நின்றார். குரலை உயர்த்தவில்லை, கடைசி ஆள்வரை கேட்டது.

"ஆத்தா, நான் நாளைக்குப் போறன். அடுத்த சனிக்கெழமையும் போவன். ரெண்டு கிளாஸு குடிப்பன். ஞாயித்துக்கெழம விடிகாலையில வந்து உனக்குக் கூழு காய்ச்சுவன். இதுல எது பொய்யானாலும் நீ என்னைக் கேளு."

உள்ளங்கையைச் சுடர் மேல் வைத்து அழுத்தினார். புகை விரல் இடுக்குகளில் கசிந்தது. கையை எடுத்தபோது சூடம் அணைந்திருந்தது. நாராயணப்பன் தட்டைப் பிடித்தபடியே நின்றார். சத்தியம் செய்தால் அண்டா பூங்கொடியுடையது என்று சொன்னதே அவர்தான். பூங்கொடி குனிந்து, கரி படிந்த அதே கையால் தூக்கைச் சாய்த்து, மாவை அண்டாவில் கொட்டினார். "தண்ணி ஊத்துக்கா" என்றார்.

மாரம்மா குடத்தைத் தூக்கினாள்.