நெல்லின் மேல் பிரேக் அடித்தவன்

எங்கள் மட்டக்களப்பு மாவட்டத்தில் பிரேக் என்பது அவ்வளவு பெரிய விஷயமில்லை. வாவியும் வயலும் ஒரே மட்டத்தில் கிடக்கிற இடம் இது. அக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் வண்டி தானாகவே யோசித்து நின்றுவிடும். அப்படியும் நிற்காவிட்டால் ஒரு மாடு குறுக்கே வந்து நிற்பாட்டும். இந்த நம்பிக்கையில்தான் முப்பது வருடமாக வாகனம் ஓட்டிவந்தேன்.

ஓய்வு பெற்ற கையோடு ஒரு பழைய வேனை வாங்கி, உள்ளே கட்டில், காஸ் அடுப்பு, கைகழுவத் தொட்டி எல்லாம் பொருத்தினேன். அயலவர்கள் அதற்கு ‘ஓடுற வீடு’ என்று பெயர் வைத்தார்கள். அது ஓடவேண்டிய இடம் குளிர் மலையூரான நுவரெலியா. கலியாணம் முடித்த புதிதில் மனைவியிடம், “அடுத்த மாசம் கூட்டிக்கொண்டு போறன்” என்று நான் வாக்குக் கொடுத்த ஊர். அந்த அடுத்த மாதம் வருவதற்கு இருபத்தெட்டு வருடம் பிடித்தது. முதலில் யுத்தத்தால் பாதைகள் மூடிக் கிடந்தன, பிறகு பிள்ளைகளின் பரீட்சைகள், அதற்குப் பிறகு என் சோம்பல். அவள் ஒரு கம்பளிச் சட்டைகூட வாங்கிவிட்டாள். மட்டக்களப்பு வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு, வேர்த்து ஒழுகக் கண்ணாடி முன் நின்று அழகு பார்த்தாள்.

பயணத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது, எண்ணெய் மாற்றக் கொண்டுபோன கராஜில் மெக்கானிக் குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னான்: “ஐயா, பிரேக் பேட் தேஞ்சிட்டு. மலைக்குப் போறெண்டா மாத்தித்தான் போகணும்.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எண்ணெய் மாற்றப் போனால் பேட் தேய்ந்துவிட்டது என்பான், பேட் மாற்றப் போனால் வேறொன்று சொல்வான். “என்ர வேனுக்கு எது தேவை எண்டு எனக்குத் தெரியும்” என்று அவனுக்கு ஒரு பிரசங்கமே செய்தேன். வீட்டுக்கு வந்து அதே பிரசங்கத்தை மனைவிக்கும் செய்தேன். அவள் சோற்றைக் குழைத்துக்கொண்டே, “மாத்தினா என்ன குறைஞ்சா போயிருவீங்க?” என்று மட்டும் கேட்டாள். நான் குறைந்துபோக விரும்பவில்லை.

அடுத்த நாள், வேனை வீட்டில் விட்டுவிட்டு, கிரானில் எங்கள் வயல் அறுவடைக்குப் போய் மூன்று நாள் தங்கினேன். திரும்பி வந்து வேனை எடுத்து முதல் சந்தியில் பிரேக்கை மிதித்தேன். கழுத்தைப் பிடித்த கோழியைப்போல வேன் கத்தியது.

பயந்துபோனேன் என்பதுதான் உண்மை. மெக்கானிக் சொன்னது சரியாக இருந்துவிட்டதே என்ற பயம். அதை வாயால் ஒத்துக்கொள்ளவேண்டி வருமே என்பது அதைவிடப் பெரிய பயம். மூன்று கிழமை ரேடியோவைக் கூட்டி வைத்து ஓட்டினேன். பயணத்துக்கு இரண்டு நாள் இருக்கையில், நானே சோதித்து முடிவெடுப்பது என்று தீர்மானித்தேன். “பிரேக் சரியில்லாட்டி அடுத்த மாசம் போவம்” என்று மனைவியிடம் சொன்னபோது அவள் முகம் போன போக்கை நான் கவனிக்காததுபோல இருந்தேன். “நானும் வாறன்” என்று வந்து ஏறிக்கொண்டாள்.

சோதனைக் கருவி ஒரு சட்டி எருமைத் தயிர். அதை வேனின் அடுப்புத் தட்டில் வைத்தேன். பிரேக் அடிக்கும்போது தயிர்ச் சட்டி நகர்ந்தால் பிரேக் நல்லது, நகராவிட்டால் கெட்டது. வாவிப் பாலத்து இறக்கத்தில் ஓங்கி மிதித்தேன். சட்டி நகரவில்லை, பறந்தது. தயிர் முழுவதும் என் பிடரியில் வந்து இறங்கியது.

“பிரேக் நல்லாத்தான் இருக்கு” என்றாள் மனைவி, சேலைத் தலைப்பால் என் காதைத் துடைத்துக்கொண்டே.

ஒரு சோதனை போதாது என்றேன். கொக்கட்டிச்சோலைப் பக்கம் ஆளில்லாத நேர் வீதியாகப் பார்த்துப் போனேன். அறுவடைக் காலம், வீதியின் இடப்பக்கம் நீளத்துக்கு நெல் காயப் போட்டிருந்தார்கள். நானும் நெல் காயப் போடுகிறவன்தான். ஆனால் ஸ்டியரிங்கைப் பிடித்ததும் விவசாயி எங்கேயோ போய்விட்டான். இடப்பக்கச் சில்லுகள் நெல்லில் ஏறியிருப்பதைக்கூடப் பார்க்காமல் பிரேக்கை மிதித்தேன். வேன் நிற்கவில்லை. மெல்ல, மரியாதையாக, சறுக்கிக்கொண்டே போய், நெல்லைக் கிண்டிக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் குடைக்கு ஒரு முழம் முன்னால் நின்றது.

அந்தப் பெண் குடையை மடக்கினாள். “நெல்லுக்கு மேல ஆராவது பிரேக் அடிப்பாங்களா, அண்ணன்?”

“பிரேக் கெட்டுப் போச்சு” என்றேன்.

“பிரேக்கா கெட்டது?” என்று கேட்டுவிட்டு அவள் என் தலையிலிருந்த தயிரைப் பார்த்தாள்.

சிதறிய நெல்லைக் கூட்டிக் கொடுத்துவிட்டு நேரே கராஜுக்குப் போனேன். தலை குனிந்து, “மாத்து, தம்பி. பயணத்தைத் தள்ளிப் போடுவம்” என்றேன். மெக்கானிக் முன் சில்லைக் கழற்றினான். பேட்டைப் பார்த்தான், பிறகு என் மனைவியைப் பார்த்தான். அவள் எதிரிலிருந்த வேப்பமரத்தைப் பார்த்தாள்.

“ஐயா, இது புதுசு. மூண்டு கிழமைக்கு முதல் நான்தான் போட்டனான். புதுப் பேட் கொஞ்ச நாளைக்குக் கத்தும்.”

“வேனை ஆர் கொண்டு வந்தது?”

“அக்காதான் ஓட்டிக்கொண்டு வந்தா.”

என் மனைவிக்கு வேன் ஓட்டத் தெரியாது. குறைந்தபட்சம், பின்னேரம் தையல் வகுப்புக்குப் போகிற, ஆனால் ஒரு கைக்குட்டைகூடத் தைத்துக் கொண்டுவராத என் மனைவிக்குத் தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன். அவள் கைப்பைக்குள்ளிருந்து லைசென்சை எடுத்து என் கையில் வைத்தாள். படத்தில் சிரித்துக்கொண்டிருந்தாள்.

“சொல்லியிருக்கலாமே?”

“சொன்னா கோவிச்சுக்கொண்டு பயணத்தையே விட்டிருப்பீங்க” என்றாள். “இந்த முறையும் அடுத்த மாசம் எண்டா நானே ஓட்டிக்கொண்டு போறதுக்குத்தான் பழகினனான்.”

கோபம் வரும் என்று காத்திருந்தேன். வெட்கம்தான் வந்தது. இருபத்தெட்டு வருடம் ஒரு மனுசியைக் காக்க வைத்ததற்கு நெல்லின் மேல் சறுக்கியது சின்னத் தண்டனைதான் என்று தோன்றியது.

சனிக்கிழமை விடிய, சாவியை அவளிடம் கொடுத்தேன். கம்பளிச் சட்டையோடுதான் ஏறினாள். அன்று முழுவதும், ஏற்றத்திலும் இறக்கத்திலும், அவளுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு, என் காலடியில் இல்லாத பிரேக்கை நுவரெலியா வரைக்கும் மிதித்துக்கொண்டே போனேன்.